ஃபேனுக்குக் கீழே நின்று பூமியைக் காப்பாற்றிய கதை

மதுரையில் சித்திரை மாதம் ஒரு மனிதன் எங்கே நிற்பான் என்பதை அறிவு முடிவுசெய்வதில்லை, ஃபேன்தான் முடிவுசெய்யும். நான் நின்ற இடம் மட்டும் கொஞ்சம் விவகாரமானது.

கே.கே. நகர் வீடுகளுக்குப் பார்சல் வந்த அட்டைப்பெட்டிகளைக் குப்பைமேட்டுக்குப் போகவிடாமல் திரட்டி, மறுசுழற்சிக்கு அனுப்பும் மகளிர் குழு ஒன்று எங்கள் தெருக்கோடிக் கிடங்கில் இயங்குகிறது. இதனால் பூமிக்கு எவ்வளவு சூடு மிச்சம் என்று கணக்குக் காட்டினால், அட்டையை அமுக்கிக் கட்டும் இயந்திரம் தருவதாக ஒரு நிறுவனம் சொல்லியிருந்தது. அதுவரை பெட்டிகளைக் காலால் மிதித்துத்தான் தட்டையாக்கினார்கள். இத்தனை கிலோ அட்டை குப்பைமேட்டில் மட்காமல் தப்பினால் பூமியைச் சூடாக்கும் வாயு இத்தனை குறையும் என்பது கணக்கு. அதற்கு எடை வேண்டும். குறித்துத்தர நானே வலியப் போனேன் (கவிதை எழுதுகிறவனுக்கு எண்ணும் தெரியும் என்று காட்ட ஒரு ஆசை).

கிடங்கில் ஒரே ஃபேன். அதற்கு நேர் கீழே எடைமேடை. மேடை நிறையச் சாக்குகளை அடுக்குவார்கள். நான் ஓரத்தில் ஏறி நின்று, காற்று வாங்கியபடி, ஒளிரும் எண்ணைக் கைப்பேசியில் ஏற்றுவேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அழகர்மலைப் பக்கம் ஒரு மேகம் திரள்வதாகத் தோன்றும்.

வாரக்கடைசியில் சரிபார்க்க ஒரு பெண் அதிகாரி வந்தார். ஒரு அடுக்கை எடைபோட்டுக் காட்டினோம். அவருக்கு டீ வாங்கிவர மேடையைவிட்டு இறங்கினேன். எண்ணும் என்னோடு இறங்கியது.

அதிகாரி எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார்.

"சார், தினமும் அங்கதான் நிப்பீங்களா?"

"காத்து வருமேன்னு…"

பொய்க்கணக்கு என்று அவர் ஒரு வார்த்தை எழுதினால் போதும், இயந்திரம் போயிற்று. அத்தனை பேரும் மறுபடி மிதிக்க வேண்டியதுதான். குழுத்தலைவி பாண்டியம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்ணே, ஒரு வாரமா உங்களையும் சேர்த்தா குப்பைக்குப் போகாமக் காப்பாத்துனோம்?"

முதலில் சிரித்தது அதிகாரிதான். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு பாண்டியம்மாள் எழுந்தார். "மேடம், சரக்கு பூராம் இங்கனதான் கெடக்கு. இவர வெளிய நிப்பாட்டிட்டு மறுபடி போடுவோம்."

போட்டார்கள். அந்த வெயிலில் என் மடத்தனத்தை மூட்டை மூட்டையாக மறுபடி சுமந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நான் வாசலில் நின்று டீ ஆற்றிக் கொடுத்தேன். அந்த வாரம் பூமிக்கு நான் செய்த உண்மையான உதவி அது ஒன்றுதான். எண் சிறுத்தது, ஆனால் நேர்மையாக நின்றது. இயந்திரமும் வந்தது. அதன் உறுமல் இன்றும் எங்கள் தெருவில் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண்களை மனம் கும்பிடுகிறது.

வீட்டில்தான் விமோசனம் இல்லை. உடம்பைக் குறைக்கலாமே என்று இரண்டு தோசையோடு எழுந்தால், மனைவி மூன்றாவதைத் தட்டில் போட்டுவிடுவாள்.

"சாப்பிடுங்க. நீங்க மெலிஞ்சா பூமி சூடாயிரும்."