மேனாம்பேட்டில் பெய்த அரை லோடு மழை

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தனக்கு எது தெரியாது என்பதே அவனுக்குத் தெரியாது. அதனால் எதிலும் தைரியமாக இறங்கிவிடுவான். நான் அப்படி இறங்கித்தான் மேலே வந்தேன். பாடியில் ஒரு லேத் பட்டறையில் இரும்புத் தூள் பெருக்க ஆரம்பித்தவன், அதே தெருவில் சொந்தப் பட்டறை போட்டு, மேனாம்பேட்டில் மாடி வீடு கட்டி, பெண்ணுக்கும் ஜாம்ஜாமென்று கல்யாணம் செய்து வைத்தேன். (பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.) இவ்வளவும் செய்தவன், போயும் போயும் ஒரு மழைநீர்த் தொட்டிக்கு பிளம்பரைக் கூப்பிடுவானா?

தொட்டி வைக்கக் காரணம் எங்கள் நகர் நலச் சங்கம். அந்த வருஷம் அதற்குப் புதுத் தலைவர் தேவைப்பட்டார். பக்கத்து வீட்டு மேனேஜர் நிற்பதாகச் சொல்லியிருந்தார். (பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. எங்கள் தெருவுக்கு அவர் இன்னும் மேனேஜர்தான்.) நானும் நிற்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். கேலியாகச் சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை, அன்பாகச் சிரித்தார். அதுதான் எனக்கு எரிந்தது. கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் எழுந்தால், "ஏகாம்பரம் அண்ணே, எங்க ஊட்டு கேட்டு கிறீச்சுங்குது, வந்து ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க" என்பார்கள். என் பேச்சுக்கும் ஒருநாள் அந்தத் தெரு தலையாட்ட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

தெருவின் தலைவலி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். போர் தண்ணீரில் துணி துவைத்தால் சட்டை தானாக நிற்கும், அவ்வளவு உப்பு. வெயில் ஏறினால் தண்ணி லாரிக்குத் தவம் கிடக்க வேண்டும். அதனால் நான் வீடு வீடாகப் போய் ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்தேன்: "என்னைத் தலைவராக்குங்க. இந்தத் தெருவுக்குள்ள லாரியே வராது. எல்லாருக்கும் மழைத் தண்ணி. முதல்ல என் வீட்டுல செஞ்சு காட்டுறேன்."

செய்தேன். வீட்டை ஒட்டிய சந்தில் ஒரு பெரிய கறுப்புத் தொட்டி. மொட்டை மாடியில் இருந்து இறங்கும் பிளாஸ்டிக் குழாய், போர்ட்டிகோவின் ஓரமாக வளைந்து, மணல் நிரப்பிய ஒரு டிரம்மில் வடிகட்டி, தொட்டிக்குள் போகும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? எனக்கும் எளிதாகத்தான் இருந்தது.

குழாய்களைப் பொருத்தும்போது என் மனைவி வசந்தா ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"கடைக்காரரு இந்த பேஸ்ட்டு தடவித்தான் ஒட்டணும்னாரு. நீ பாட்டுக்குச் சும்மா சொருவுற?"

"இது டைட் ஃபிட்டு. லேத்துல இப்படி அடிச்சு ஏத்துனா ஆயுசுக்கும் கழலாது. பேஸ்ட்டு எல்லாம் கைல பலம் இல்லாதவனுக்கு."

"அது இரும்புய்யா. இது பிளாஸ்டிக்கு."

"எல்லாம் ஒண்ணுதான். போய் டீ போடு."

டிரம்மில் மணலை எவ்வளவு போடுவது என்பதிலும் நான் யாரையும் கேட்கவில்லை. மணல் கூடினால் சுத்தம் கூடும் என்று கழுத்து வரை கொட்டி, ஏறி நின்று மிதித்து, மூடியையும் இறுக்கி அடைத்தேன். கொசுவும் பல்லியும் போகாமல் இருக்க தொட்டியின் வாய்க்கு இரும்புத் தகடு வைத்து, அடியில் இருந்து சுற்றிவரச் சட்டம் கட்டி வெல்டிங் வைத்துவிட்டேன். (வெல்டிங் மட்டும் அருமையாக வந்திருந்தது. அதை இன்று வரை யாரும் குறை சொன்னதில்லை.)

எல்லாம் தயார். மழைதான் வரவில்லை.

டிவியில் புயல் சின்னம் என்றார்கள். நான் மாடியைக் கழுவிவிட்டுக் காத்திருந்தேன். சின்னம் இரண்டு நாள் கடலிலேயே உட்கார்ந்து யோசித்துவிட்டு, வழக்கம்போல ஆந்திராவுக்குப் போய்விட்டது. ஆவடியில் மட்டும் ஒருநாள் ராத்திரி தூறியதாகச் சொன்னார்கள். மறுநாள் காலை மேனேஜர் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன ஏகாம்பரம், தொட்டி எப்படி இருக்கு?" என்றார்.

"ராத்திரி மழையில பாதிக்கு மேல ரொம்பிடுச்சு சார்."

"நம்ம பக்கம் மழை பெய்ஞ்சுதா என்ன?"

"நீங்க அசந்து தூங்கியிருப்பீங்க."

அவர் யோசித்தார். "அப்ப ஞாயித்துக்கிழமை கூட்டத்தை உங்க வீட்டு போர்ட்டிகோவிலேயே வெச்சுடலாமே. குழாயைத் திறந்து காட்டினீங்கன்னா எல்லாரும் பார்த்துட்டு, உங்களையே தலைவராத் தேர்ந்தெடுத்துடலாம். எனக்கும் முதுகு வலி. அலைய முடியலை."

தலைவர் பதவி வெள்ளித் தட்டில் வைத்து வந்தது. தொட்டியில் தூசி இருந்தது.

தேசிங்கு என்று எனக்குத் தெரிந்த தண்ணி லாரிக்காரன் ஒருவன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், தெரு எழுந்திருக்கும் முன், ஒரு லோடு வேண்டும் என்று சொல்லி வைத்தேன். நேராகத் தொட்டிக்குள் ஊற்ற முடியாது, வாயை நான்தான் அடைத்திருந்தேனே. அதனால் பின் தெருவில் லாரியை நிறுத்தி, ஹோஸை மொட்டை மாடிக்கு ஏற்றி, அங்கே ஊற்ற வேண்டும். மழை எப்படி வருமோ அப்படி.

"இன்னா அண்ணாத்தே, மாடி கழுவ ஒரு லோடா?" என்றான் தேசிங்கு.

"கேள்வி கேக்காத. காத்தால வந்துடு."

விடிந்தது. தேசிங்கு வரவில்லை. இட்லி வந்தது, பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, தெருவே வந்து உட்கார்ந்தது, தேசிங்கு வரவில்லை. மேனேஜர் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் எதிர்வீட்டு டீச்சரம்மா. அவர்கள் தலைக்கு மேலேதான் என் குழாய் வளைந்து போகிறது. நான் எழுந்து பேச ஆரம்பித்தேன். லாரி வரும் வரை பேச வேண்டும். பாடியில் பெருக்கியதில் தொடங்கினேன். (கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம்.) சொந்தப் பட்டறை போட்ட இடத்துக்கு வரும்போது வசந்தா கதவோரம் வந்து கையை ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் குழாய்க்குள் கடகடவென்று சத்தம்.

"என்னங்க இது?" டீச்சரம்மா வானத்தைப் பார்த்தார். வானம் கழுவித் துடைத்த மாதிரி நீலமாக இருந்தது.

"அன்னிக்கு ராத்திரி பெய்ஞ்ச மழை டீச்சர். நம்ம சிஸ்டத்துல தண்ணி உடனே இறங்காது. மாடியிலேயே தங்கி, நிதானமா இறங்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். என் வாழ்நாளில் அதுவரை கிடைக்காத தலையாட்டல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரத்தில் டிரம் தன் வேலையைக் காட்டியது. நான் மிதித்து வைத்த மணலுக்குள் சொட்டுத் தண்ணீர் நுழையவில்லை. கீழே போக வழியில்லாமல் தண்ணீர் குழாய்க்குள்ளேயே ஏறி நின்றது. மேலே ஊற்ற ஊற்ற கனம் கூடியது. என் டைட் ஃபிட் முதலில் முனகியது. பிறகு வளைவில் இருந்த எல்போ துப்பாக்கிக் குண்டு மாதிரி 'டப்' என்று கழன்று பறந்தது.

அப்புறம் நடந்ததை மழை என்றுதான் சொல்ல வேண்டும். போர்ட்டிகோவில் மட்டும் பெய்த மழை. முன்வரிசை முழுதாக நனைந்தது. நாற்காலிகள் கவிழ்ந்தன. மேனேஜரின் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது, மூக்குக் கண்ணாடியில் தண்ணீர் ஓடியது. நான் தாவி உடைந்த இடத்தை இரண்டு கையாலும் பொத்தினேன். அதுவரை நனையாமல் இருந்த பின்வரிசையும் நனைந்தது.

டீச்சரம்மா உதட்டை நக்கிப் பார்த்தார். "ஏங்க, மழைத் தண்ணியில பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்குது?"

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அண்ணாத்தே! பாதி லோடுதான் ஊத்திகீறேன். மீதியும் ஊத்தவா, இல்ல திருவேற்காட்டுக்கு எத்துகினு போவட்டா?"

முதலில் சிரித்தது வசந்தா. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் தெரு முழுக்கச் சிரித்தது. டீச்சரம்மா உட்கார்ந்து சிரிக்க நாற்காலி தேடினார். நான் குழாயை விடவில்லை. விட்டால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏகாம்பரம், நான் நாலு நாளா லாரிக்கு போன் பண்றேன். ஒருத்தன் எடுக்கலை. உமக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை எப்படிய்யா வந்தான்?"

"அவன் லாரி ஓட்டை ஆனா நான்தான் சார் வெல்டிங் வெப்பேன். நான் கூப்பிட்டா வருவான்."

சிரிப்பு நின்றது. ஈரத் தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

"எப்பக் கூப்பிட்டாலும் வருவானா?" என்றார் டீச்சரம்மா.

"வராம எங்க போவான்?"

"முதல்ல அந்த மீதிப் பாதியை எங்க வீட்டு சம்ப்புல ஊத்தச் சொல்லும்" என்றார் மேனேஜர். "மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் பேசியதில் அவர் தலைவர் ஆனார். நான் தண்ணி லாரிப் பொறுப்பாளர் ஆனேன். ஒருவர் பாக்கியில்லாமல் தலையாட்டி நிறைவேற்றிய ஒரே தீர்மானம் அதுதான் என்று சங்கத்தில் இன்றும் சொல்கிறார்கள். தெருவுக்குள் லாரியே வராது என்று வீடு வீடாகச் சொன்னவன் நான். வெயில் காலத்தில் காலை காபிக்கு முன்பே என் வாசல் மணி அடிக்கும். திறந்தால் யாராவது குடத்தோடு நிற்பார்கள்.

தொட்டியை அப்படியே விட்டுவிடவில்லை. பேஸ்ட் தடவினேன் (வசந்தாதான் தடவினாள், நான் பிடித்துக்கொண்டேன்), பாதி மணலை அள்ளிக் கொட்டினேன். அந்தக் கார்த்திகையிலேயே நிஜமான மழை வந்து தொட்டி நிரம்பி வழிந்தது. நான் ஓடிப் போய்த் தெருவையே கூப்பிட்டேன். ஒருவர்கூட நம்பவில்லை. மேனேஜர் குடை பிடித்துக்கொண்டு பின் தெரு வரை போய், லாரி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

வீட்டில் இன்னும் மோசம். வானம் இருட்டினால் மற்ற வீடுகளில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். என் வீட்டில் யாரும் ஓடுவதில்லை. வசந்தா வாசலில் வந்து நின்று மேலே ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

"இன்னாய்யா, இது தானா வர்றதா, இல்ல நீ சொல்லி வெச்சதா?"