பட்டர்வொர்த்தில் நான் நடத்திய குண ஆராய்ச்சி

அரைகுறையாகக் கற்ற எதையும் பெண் பார்க்கப் போன இடத்தில் எடுத்துவிடக் கூடாது. இதைச் சொல்லும் தகுதி பினாங்குத் தீவிலேயே எனக்குத்தான் அதிகம்.

எண்பதுகளில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தேன். ஆட்களின் குணமறிந்து வேலை வாங்க எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். கூட்டத்தில் கலகலப்பாகிறவர் எக்ஸ்ட்ரோவர்ட், தனியாக இருந்தால் தெம்பாகிறவர் இண்ட்ரோவர்ட் என்றார் பயிற்சியாளர். குணத்தில் கொஞ்சம் பிறவியிலேயே வருவது, கொஞ்சம் வளர்ப்பில் வருவது என்றார். (சூழ்நிலையைப் பற்றியும் ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது.)

புது ஆட்களைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதலில் பார்க்கப் போன ஒரு பெண்ணின் வீட்டார், “மாப்பிள்ளை ஊமையா?” என்று கேட்டு ஒதுங்கிவிட்டார்கள். அதனால் அடுத்த பெண்ணைப் பார்க்க பட்டர்வொர்த் போகும் ஃபெர்ரியிலேயே அக்கா சொல்லிவிட்டாள்.

“இதுவும் தட்டிப்போச்சின்னா நான் இனிமே பொண்ணு தேட மாட்டேன். வாயத் தொறந்து ஏதாச்சும் பேசு லா.”

பெண் பெயர் தேவகி, பள்ளியில் டீச்சர். காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரில் தலை குனிந்து உட்கார்ந்தாள். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. எப்படியாவது பேசியாக வேண்டும் என்ற பதற்றத்தில் பயிற்சிதான் ஞாபகத்துக்கு வந்தது. அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

“மாமா, உங்க மக இண்ட்ரோவர்ட். பாத்ததுமே கண்டுபுடிச்சிட்டேன். பொறவியிலேயே வர்றது, மாத்த முடியாது. நீங்க கவலப்படாதீங்க, நான் அனுசரிச்சிக்குவேன்.”

“அப்படியா தம்பி,” என்றார் அவர்.

காப்பி ஆறும்வரை விளக்கினேன். உள்ளே யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. (ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன்.)

தேவகி நிமிர்ந்தாள்.

“ஒன்னு கேக்கவா? ஸ்கூல்ல நான் பேசுனா பக்கத்து கிளாஸ் டீச்சர் கதவ சாத்திக்குவாங்க. பொண்ணு பாக்க வந்திருக்கீங்கன்னுதான் இங்க சும்மா இருக்கேன். நீங்க வாயே தொறக்க மாட்டீங்கன்னு உங்க அக்கா சொன்னாங்க. வந்ததுலேர்ந்து நீங்க மட்டுந்தான் பேசுறீங்க. அப்ப நீங்க எந்த வகை? எடத்தப் பாக்காம ஆள மட்டும் பாத்து குணத்த சொல்லிட முடியுமா?”

என் நாக்கு பழையபடி ஒட்டிக்கொண்டது. தேநீருக்காக நான் கோட்டைவிட்ட பாடத்தை ஒரே மூச்சில் நடத்தி முடித்துவிட்டாள். மானம் கப்பலேறிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்குக் கைதட்டத் தோன்றியது. இவள்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. கிடைக்க மாட்டாள் என்பதும் தெளிவாகத் தெரிந்தது.

திரும்பும்போது அக்கா என் முகத்தைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுவாரம் சம்மதம் என்று செய்தி வந்தது. அக்காவுக்கும் எனக்கும் நம்ப முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு தேவகியிடமே காரணம் கேட்டேன்.

“மடக்குனா ஆம்பளைங்களுக்குக் கோவம் வரும். நீங்க சந்தோஷமா வாயப் பொளந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க. அந்தக் குணம் போதும்னு நெனச்சேன்.”

(இதுவும் ஒரே தடவை பார்த்துச் சொன்ன முடிவுதான். நான் சுட்டிக்காட்டவில்லை.)

இன்றும் யாரைப் பற்றியாவது, “அவன் பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்,” என்று நான் ஆரம்பித்தால் போதும். தேவகி எழுந்து போய்க் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரில் தலை குனிந்து உட்கார்ந்துகொள்வாள். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் காப்பி ஆறுவதற்குள் குடித்துவிடுகிறேன்.