உட்காராத சம்பந்தி

“ஏங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இலஞ்சியத் தாண்டிட்டாங்களாம். எந்திரிங்க.”

பத்மாசனத்தில் இருந்த செல்லப்பா கண்ணைத் திறந்தார். “கால் பிரிய மாட்டேங்குது குழலு.”

செல்லப்பாவுக்குத் தென்காசியில் பெயிண்டுக் கடை. குற்றாலத்தில் பத்து நாள் யோகா வகுப்புக்குப் போனதில் முழங்கால் வலி பாதி குறைந்திருந்தது. பத்மாசனத்துக்கு இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார் மாஸ்டர். இவர் கேட்கிற ஆளா? ஃபோனில் பார்த்து மடக்கிவிட்டார்.

நாளும் பார்த்தாரே! போன தடவை பெண் பார்க்க வந்தவர்கள், வாசலில் நின்று வரவேற்கவில்லை என்ற கோபத்தில் உட்காராமலே திரும்பிப் போனார்கள். மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மனைவி குழல்வாய்மொழி இடது காலைப் பிடித்து இழுத்தாள். வலது கால் இன்னும் இறுகியது.

எதிர்வீட்டுச் சங்கிலிப்பாண்டி ஓடி வந்தார். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்.

“எண்ணெய் விட்டா வழுக்கிட்டு வந்துரும் அண்ணாச்சி.”

கால் வழுக்கவில்லை. செல்லப்பாதான் வழுக்கினார். டைல்ஸ் தரையில் மடக்கிய காலோடு நேரே ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தார். தூக்கப் பார்த்தால் பிடி கிடைக்கவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. குழல்வாய்மொழி அவர் நெற்றியில் திருநீற்றை அப்பினாள். “வெரதம்னு சொல்லிருங்க.”

மாப்பிள்ளையின் அப்பா மகாதேவன் விறைப்பாக உள்ளே வந்தார். அவர் செருப்பைக்கூட மனைவி பார்வதியம்மாள்தான் குனிந்து கழற்றினாள். பெரிய இடம்தான் என்று நினைத்துக்கொண்டார் செல்லப்பா.

“வாங்க, வாங்க. வெரதம். எந்திரிக்கக் கூடாது. உக்காருங்க.”

“இருக்கட்டும். நிக்கேன்.”

சோபாவைத் தட்டிக் காட்டினார்கள். உட்காரவில்லை. பெண் வந்து கும்பிட்டது. அப்போதும் நின்றார். கதவோரம் நின்ற மகளின் முகத்தைப் பார்த்ததும் செல்லப்பாவுக்குத் தாங்கவில்லை.

“வெரதம்லாம் பொய்யிங்க. யோகா செஞ்சு கால் மாட்டிக்கிட்டு. மரியாதக் கொறவுன்னு நெனச்சுராதீக. எம்பிள்ளைக்காவ, செத்த உக்காருங்க.”

மகாதேவன் மனைவியைப் பார்த்தார்.

“எங்களுக்குச் சம்மதந்தான் அண்ணாச்சி,” என்றாள் பார்வதியம்மாள். “இவுகளும் ஃபோனப் பாத்து இடுப்ப வளைச்சுப் பிடிச்சுக்கிட்டவுகதான், கார்லகூட படுத்துக்கிட்டுதான் வந்தாக. அந்த எண்ணெய்ல மிச்சம் இருக்கா?”