வாசலில் புதைத்த சீன ராணுவம்

ஒரு விஷயம் கொஞ்சமும் தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. முழுக்கத் தெரிந்தவனாலும் ஆபத்தில்லை. எனக்குச் சீனாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பதினொரு சொற்களும் ஒரு படப் புத்தகமும்தான். அதை வைத்துக்கொண்டுதான் என் கொழுந்தியாளின் கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்தினேன்.

மாத்தளைக்குப் பக்கத்தில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் எனக்கு வேலை. சீகிரியா பார்க்கப் போகும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சாதிக்காய், கறுவா, கொக்கோ என்று மரம் மரமாகக் காட்டி, கடைசியில் கையில் ஓர் எண்ணெய்ப் போத்தலைக் கொடுத்து வழியனுப்ப வேண்டும். (முடி வளரும் எண்ணெயை விற்றதும் நான்தான். என் மொட்டைத் தலையைப் பார்த்த பிறகும் வாங்கினார்கள் என்றால் என் வாய் எப்படிப்பட்டதென்று யோசித்துக்கொள்ளுங்கள்.) சீனர்கள் பஸ் பஸ்ஸாக வர ஆரம்பித்தபோது பதினொரு சீனச் சொற்களைப் பாடமாக்கினேன். அதில் மகிழ்ந்துபோன ஒரு பெரியவர் பழைய சீனாவைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் நான் சரித்திரப் பேராசிரியர்.

பிறகு பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருஷம் வந்தது. பஸ் இல்லை, சுற்றுலாக்காரர் இல்லை, பள்ளிக்கூடமும் மூடிவிட்டார்கள். வீட்டில் நான், மனைவி ஸ்டெல்லா, மகள்கள் ரெபெக்காவும் ஜெனியும், ஸ்டெல்லாவின் தங்கை அனிதா. ரெபெக்காவுக்குப் பதினொன்று, ஜெனிக்கு ஏழு. பிள்ளைகளின் படிப்பு கெட்டுப்போகிறதே என்று ஸ்டெல்லா கவலைப்பட்டாள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "புராதன சீனா. தினமும் காலையில ரெண்டு மணித்தியாலம்" என்று அறிவித்தேன்.

முதல் வாரம் சீனப் பெருஞ்சுவர். கொல்லையில் கிடந்த செங்கல்லை அடுக்கிக் கட்டினோம். அது தண்ணீர் ஓடும் கானுக்குக் குறுக்கே அமைந்துவிட்டது என்பது மழை பெய்து குசினிக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் வாரம் காகிதத்தைக் கண்டுபிடித்தோம். ஸ்டெல்லாவின் கிரைண்டரில் வாழைநாரைப் போட்டு அரைத்ததில் காகிதம் வரவில்லை, புகை வந்தது. மூன்றாம் வாரம் பட்டுப்புழு. பட்டுப்புழு என்று நான் உறுதியாகச் சொல்லி ஜெனியின் உள்ளங்கையில் வைத்தது சாதாரண கம்பளிப்பூச்சி. பிள்ளை இரண்டு நாள் சொறிந்துகொண்டே படித்தாள்.

வேறொருவன் என்றால் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். நான் நான்காம் வாரத்துக்குப் போனேன்.

நான்காம் வாரப் பாடம், சீனாவின் முதல் சக்கரவர்த்தியோடு மண்ணுக்குள் புதைத்து வைத்த களிமண் ராணுவம். புத்தகத்தில் படம் பார்த்தபோதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிள்ளைகளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: ஆயிரக்கணக்கான சிப்பாய்கள். ஒருவர் முகம் போல இன்னொருவர் முகம் இல்லை. முதுகில் பெயர் பொறித்திருக்கும். (அது பொம்மை செய்த தொழிலாளியின் பெயர் என்று பிற்பாடுதான் வாசித்தேன். அப்போது பொம்மையின் பெயர் என்றே சொல்லிவிட்டேன்.) ராணுவத்தைத் தோண்டி எடுத்தார்கள், ஆனால் சக்கரவர்த்தியின் கல்லறையை மட்டும் இன்றுவரை யாரும் திறக்கவில்லை.

"ஏன் திறக்கலை?" என்று ரெபெக்கா கேட்டாள்.

"திறக்கக் கூடாது. அதுதான் மரியாதை" என்றேன். இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வயல் மண் கொண்டுவந்து குழைத்தோம். கையளவு பொம்மைகள், மொத்தம் நாற்பது. காஸ் இல்லாத காலம் என்பதால் ஸ்டெல்லா முற்றத்தில் விறகடுப்பு போட்டிருந்தாள். சோறு வெந்ததும் ராணுவத்தைத் தணலில் போட்டுச் சுட்டோம். ஈட்டிக்கு அவளுடைய தையல் பெட்டியிலிருந்த குண்டூசிகள். கையில் குத்தினால் கை உடைந்ததால் பிள்ளைகள் நெஞ்சில் குத்தினார்கள். சீனச் சிப்பாய்களுக்குக் கொண்டை உண்டு. அதற்கு ஸ்டெல்லாவின் சீப்பில் சிக்கியிருந்த முடியைச் சுருட்டிக் கோந்து வைத்து ஒட்டினார்கள். மஞ்சள் அரசர்களின் நிறம் என்று நான் சொல்ல, தோட்டத்திலிருந்து கொண்டுவந்த மஞ்சள் தூளைப் பூசினார்கள். அதோடு கொஞ்சம் குங்குமம், அது ரத்தக் காயத்துக்கு.

இதையெல்லாம் இப்போது கூட்டிப் பாருங்கள். மண் பொம்மை, ஊசி, முடி, மஞ்சள், குங்குமம், பெயர். மாத்தளையில் பால்குடிக் குழந்தையைக் கேட்டாலும் இது என்னவென்று சொல்லும். நான் மட்டும் இரண்டடி தள்ளி நின்று, "அருமை! அப்படியே சீனா மாதிரியே இருக்கு!" என்று கை தட்டினேன்.

கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் தண்ணீர்க் குழாய் உடைந்து தோண்டி மூடிய இடம் இருந்தது. மண் இளக்கமாக இருந்ததால் அங்கேயே வரிசையாகப் புதைக்கச் சொன்னேன். ஸ்டெல்லா ஒரு தடவை எச்சரித்தாள்.

"இங்க பாருங்க, வாசல்ல பொம்மையைப் பொதைக்காதீங்க. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"சரித்திரம்னு நினைப்பாங்க. இது விஞ்ஞான யுகம், ஸ்டெல்லா."

எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அனிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அனிதாவுக்கு அப்போது முப்பத்தொன்று. தாய் தகப்பன் இல்லை. மூன்று இடம் பேசி மூன்றும் தட்டிப்போயிருந்தன. நான்காவதாக வந்தது இரத்தோட்டைப் பக்கத்துக் கணக்கு மாஸ்டர் ஒருவர். பெயர் அந்தோனி. போனில் பேசிப் பேசி இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. அனிதா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவியதை அந்த மாதம்தான் நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம். மாஸ்டரின் அம்மா லூசியாவும், அம்மாவின் அண்ணன் சூசையும் நேரில் வந்து சரி சொன்னால் கல்யாணம் முடிவு.

முந்திய இரண்டு நாளும் நல்ல மழை. அன்று வெயில். மாஸ்டர், அம்மா, மாமா மூவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சூசை மாமா கறுப்புச் சப்பாத்தும் வெள்ளைச் சட்டையுமாக முன்னால் வந்தார். நான் வாசலில் நின்று கும்பிட்டேன். மாமா கேட்டைத் தாண்டி நாலாவது எட்டு வைத்தார். வலது கால் கணுக்கால் வரை மண்ணுக்குள் போனது.

இழுத்தார். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. குனிந்து சப்பாத்தைப் பிடித்து இழுத்தார். சப்பாத்து வந்தது. அதன் நுனியில் கொண்டையும் நெஞ்சில் ஊசியுமாக ஒரு சிப்பாயும் வந்தார்.

"யாரும் நகராதீங்க!" என்றார் மாமா. ஒரு கையில் சப்பாத்து, மறு கையில் சிப்பாய். "இது சூனியம்."

"இல்லீங்க, இது பிள்ளைகளோட பாடம்..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. சுவரோரம் இருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக வெட்டிய ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மாமா முதுகைத் திருப்பிப் பெயரைச் சத்தமாக வாசித்தார்.

"ஸ்டெல்லா! அனிதா! குசுமா!" (பக்கத்து வீட்டுக் குசுமா அக்கா தன் பெயர் கேட்டு வேலிக்கு மேலே தலையை நீட்டினார். கடைசிவரை தலையை இழுக்கவில்லை.)

முகம் நாற்பது வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சொந்தக்காரர்களும் அயலவர்களும் முடிந்தபின் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அனிதாவின் போனில் மாப்பிள்ளை வீட்டாரின் படம் இருந்தது. அதைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. மாமா அடுத்த பொம்மையைத் திருப்பியபோதுதான் தெரிந்தது.

"லூசியா" என்று வாசித்தார்.

கன்னத்து மச்சம் வரைக்கும் அச்சாக அவர்தான். லூசியாம்மா கேட்டடியில் நின்றபடியே தன் தலையைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, போன மாசம் கோயில் திருவிழாவுல என்னோட சீப்பு காணாமப் போச்சே..."

"அதான்! அந்தச் சீப்புதான்!" என்று மாமா கத்தினார்.

நான் படித்தவன் மாதிரி விளக்க முனைந்தேன். அதுதான் நான் செய்த அடுத்த பிழை. "ஐயா, இது சீனாவுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி நடந்த சங்கதிங்க."

"ரெண்டாயிரம் வருஷத்துச் சூனியமா!" மாமா தங்கையின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இதை இங்க பேய் ஓட்டுற கட்டாடியால எடுக்க ஏலாது."

"சூனியம் இல்லீங்க. அங்க ஒரு சக்கரவர்த்தி செத்துப் போனாரு. அவருக்குத் துணையா..."

"சீனாக்காரன் செத்ததுக்கு என் தங்கச்சியை ஏன்யா பொதைக்கிறீங்க?"



பொம்மைகளையே பார்த்துக்கொண்டிருந்த அந்தோனி மாஸ்டர் மெதுவாக, "முப்பத்தொம்பது இருக்கு" என்றார். கணக்கு மாஸ்டர் அல்லவா?

"நாப்பது செஞ்சோம்" என்றாள் ரெபெக்கா.

"அப்ப இன்னொண்ணு எங்க?" என்று மாமா அலறினார். பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். வாசல் திரைக்குப் பின்னால் அனிதா நின்றாள். புதுச் சேலை, கையில் தேநீர்த் தட்டு. அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "அத்தான், நீங்களுமா?" என்று கேட்பது போல இருந்தது. இந்தக் கதையை எத்தனையோ தடவை சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த இடம் வரும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. அந்த நிமிடம் பூமி பிளந்தால் நாற்பதாவது ஆளாக நானே படுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"வா தங்கச்சி, போவோம்" என்றார் மாமா.

லூசியாம்மா போகவில்லை. அவர் முப்பது வருஷம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தவர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளையெல்லாம் வளர்த்தவர். எந்தப் பிள்ளை பொய் சொல்கிறது, எது உண்மை சொல்கிறது என்பது அவருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். சேறு படாமல் சேலையைத் தூக்கிக்கொண்டு வந்து ஜெனியின் முன்னால் குந்தினார்.

"பாப்பா, இது யாரு செஞ்சது?"

"நானும் அக்காவும். உங்களைய நான்தான் செஞ்சேன்."

"என்னைய ஏம்மா பொதைச்ச?"

"ராசா செத்துட்டா தனியாப் போகப் பயமா இருக்குமாம். அதான் நல்ல ஆளுங்களைக் கூட அனுப்பணும். நீங்க போன்ல பேசுறப்பல்லாம் மொதல்ல 'சாப்பிட்டியா மகளே'னுதான் கேப்பீங்களாம். சித்திகிட்ட அப்பிடி யாருமே கேட்டதில்லையாம். அதான் உங்களைய ஜெனரல் ஆக்கினேன். நீங்க ராசாவுக்குப் பக்கத்துலயே நிப்பீங்க."

லூசியாம்மா பொம்மையை வாங்கி, மஞ்சளைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"ஜெனரலா?"

"ஆமா. எல்லாருக்கும் ஒரு ஊசி. உங்களுக்கு மட்டும் ரெண்டு."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. "அப்ப இந்த மாமா? இவரு என்ன? கேப்டனா?"

ஜெனி கொஞ்சம் தயங்கினாள். பிறகு குவியலுக்குள் கைவிட்டு, நாலு காலில் நிற்கும் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மீசை இருந்தது. முதுகில் "சூசை" என்று எழுதியிருந்தது.

"குதிரைக்கு ஆள் இல்லை ஆன்ட்டி" என்றாள்.

லூசியாம்மா சிரித்த சிரிப்பில் குசுமா அக்காவின் கோழிகள் கலைந்து ஓடின. முற்றத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிய, "அண்ணே, வாலு கூட இருக்கண்ணே!" என்றார். அந்தோனி மாஸ்டர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். திரைக்குப் பின்னால் தட்டோடு அனிதாவும் குலுங்கினாள். முக்கால்வாசித் தேநீர் சிந்தித் தட்டில்தான் கிடந்தது. அதை அப்படியே ஊற்றிக் குடித்தார்கள். அன்றே நாள் குறித்தார்கள்.

இப்போது இரத்தோட்டை வீட்டின் கண்ணாடி அலமாரியில், மாதா சுரூபத்துக்குக் கீழ்த் தட்டில், இரண்டு ஊசியோடு ஜெனரல் நிற்கிறார். அனிதாவின் மகனுக்கு இரண்டு வயது. அவன் சூசை மாமாவைக் கண்டால் முதுகில் ஏற வேண்டும் என்று அடம்பிடிப்பான். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மாமா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். சுற்றுலாக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். நானும் எண்ணெய் விற்கிறேன். வீட்டில் நான், "பிள்ளைகளே, ஒரு விஷயம் தெரியுமா?" என்று வாயைத் திறந்தால் போதும், "இந்தத் தடவை யாரைப் பொதைக்கணும்?" என்று ஸ்டெல்லா கேட்பாள்.

அந்த நாற்பதாவது பொம்மை மட்டும் கிடைக்கவேயில்லை. அது சக்கரவர்த்தி. மொட்டைத் தலை, தொப்பை. யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டால், "சக்கரவர்த்தி கல்லறையைத் தொறக்கக் கூடாது, அதுதான் மரியாதைனு நீங்கதானே சொன்னீங்க" என்பார்கள்.

நானும் சிரித்துவிட்டு அதை மறந்துவிடுவேன். போன வாரம் வரைக்கும். ஒரு மாதமாக முழங்கால் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இருந்தபோது ஜெனி அக்காவிடம் கிசுகிசுத்தது காதில் விழுந்தது.

"அக்கா, ராசாவோட கால் உடைஞ்சு ஊசி வச்சு ஒட்டினோமே, அது எந்தக் கால்?"

"இடது."

எனக்கு வலிப்பதும் இடதுதான்.

ஐந்து நிமிடத்தில் நான் மண்வெட்டியோடு கொய்யா மரத்தடியில் இருந்தேன். அடுத்து மாதுளையடி, அதற்கடுத்து கிணற்றடி. வேலிக்கு மேலே தலையை நீட்டிய குசுமா அக்கா, மாத்தயா, அதாவது ஐயா, என்ன தேடுகிறார் என்று கேட்டார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்ல அக்கா," என்றாள். "விஞ்ஞான யுகம்."