மாப்பிள்ளையின் மூளை அலை

"வாயைத் திறக்க வேண்டாம்! பேனாவை எடுக்க வேண்டாம்! தலையைக் கொடுத்தால் போதும்!"

பல்கலைக்கழக வாசலில் இப்படி ஒரு பதாகை தொங்கினால் எங்களைக் கேட்கவா வேண்டும்? வகுப்புப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் எல்லாம் வந்துவிட்டான். வரிசை நூலகத்தைச் சுற்றிக்கொண்டு கழிவறை வரை போனது. மூன்றாமாண்டு மாணவனாகிய நானும் அதில் இரண்டு மணி நேரம் நின்றேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வந்திருந்தவர் 'மூளை அலை வல்லுநர்'. தாடி இல்லை, சடை இல்லை. கோட்டு, டை, கன்னத்தோடு ஒட்டிய மைக். அதனால் அவரைச் சாமியார் என்று யாரும் நினைக்கவில்லை. கணினி வைத்திருப்பவர் பொய் சொல்வாரா என்ன?

விஷயம் இதுதான். டிஜிட்டல் முறையில் பாடம் நடத்துவது பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டும். எங்களையே கேட்டிருக்கலாம். ஆனால் அது ரொம்பச் சுலபமாகப் போய்விடுமே! "கேட்டால் மாணவன் பொய் சொல்வான், மூளை பொய் சொல்லாது" என்றார் வல்லுநர். துணைவேந்தர் அதிலேயே உருகிவிட்டார்.

அரங்க மேடையில் கறுப்புத் துணி சுற்றிய ஒரு சின்ன அறை. ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பதிவெண்ணைத் தட்டி, ஒரு பட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, வெளி அலை கலந்துவிடுமாம். இரண்டு நிமிடத்தில் மேடைத் திரையில் முடிவு வரும். திரைவழிப் பாடம்தான் எனக்குத் தொண்ணூற்றாறு சதவீதம் பிடிக்கும் என்று வந்தது. எனக்கே தெரியாத என் ஆசை! புல்லரித்துப் போனேன். தொண்ணூற்றைந்து வாங்கிய என் அறைத்தோழன் சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

வரிசைக்கே வராதவள் ஒருத்திதான். வேதியியல் மாணவி. ஒரு காது கேட்காது, இன்னொன்று அரைகுறை. ஆசிரியரின் உதட்டைப் பார்த்துப் பாடம் படிப்பவள். எப்போதும் முதல் வரிசையில் இருப்பதால் 'முன்சீட்டு' என்று கூப்பிடுவோம். இந்த முடிவுகளை வைத்துப் போட்ட புதிய திட்டப்படி அடுத்த பருவத்திலிருந்து ஆசிரியர் வகுப்புக்கே வரமாட்டார். திரையில் ஸ்லைடும் பதிவு செய்த குரலும் மட்டும் வரும், அதுவும் வல்லுநரின் சொந்தக் கம்பெனிச் செயலியில். மறுநாள் அரங்கத்தில் இன்னொரு செயல்விளக்கம், அது முடிந்ததும் துணைவேந்தர் கையெழுத்துப் போடுகிறார். போட்டுவிட்டால் முன்சீட்டு படிப்பை விட வேண்டியதுதான்.

"மூணு பருவமா கருத்துப் படிவத்துல எழுதிக் குடுத்தேன்டா. வாத்தியார் முகம் தெரியணும், இல்லன்னா கீழ எழுத்தாவது ஓடணும்னு. ஒருத்தராவது படிச்சாங்களா?"

"படிவம் என்ன படிவம்? அவரு மூளையவே நேரா படிக்கிறாரே!" என்றேன் நான், பெரிய மேதாவி.

"அப்படியா? படிக்கட்டும்."

நேராகச் செவிலியர் துறைக்குப் போனாள். அங்கே 'மாப்பிள்ளை' இருக்கிறார். முதலுதவிப் பயிற்சிக்கான ரப்பர் பொம்மை. வாயில் ஊதுவார்கள், நெஞ்சில் குத்துவார்கள். எதற்கும் ஒரு வார்த்தை பேசமாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

மறுநாள் அரங்கம் நிரம்பும் முன்பே மாப்பிள்ளை பின்பக்கமாகத் துணி அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். எட்டிப் பார்க்கக் கூடாது என்பதால் யாரும் பார்க்கவில்லை. துணைவேந்தர் பேனாவோடு முதல் வரிசையில் இருந்தார். செயல்விளக்கத்துக்கு முதல் ஆளாக முன்சீட்டு எழுந்து உள்ளே போனாள். தன் பதிவெண்ணைத் தட்டினாள், பட்டையை மாப்பிள்ளையின் தலையில் மாட்டினாள், பின்பக்கமாக நழுவிவிட்டாள்.

திரையில் தொண்ணூற்றேழு! வல்லுநருக்குக் குரல் தழுதழுத்தது.

"பாருங்க! இந்தப் பொண்ணுக்கு வாத்தியார் முகத்தப் பாக்கவே பிடிக்கல. கொஞ்சம் பரீட்சை பயம் இருக்கு. மத்தபடி ரொம்ப அமைதியான மனசு!"

"ஆமா சார், அப்படி ஒரு அமைதி."

துணைவேந்தருக்குப் பக்கத்தில் முன்சீட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"நீ... நீ உள்ள இல்லையா?"

"நான் இங்க இருக்கேன் சார். என் மூளையும் என்கூடத்தான் இருக்கு."

மேடையேறித் துணியை இழுத்தாள். மாப்பிள்ளை பட்டையும் தலையுமாக, வாயைப் பிளந்தபடி திரைவழிக் கல்வியை ஆதரித்துக்கொண்டிருந்தார்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. வல்லுநர் அசரவில்லை.

"சிரிக்காதீங்க! அந்தப் பொம்மை மேல நூறு மாணவர்களோட மூச்சு பட்டிருக்கு. அவங்க அலை அதுல தங்கியிருக்கு!"

சொன்னால் நம்பமாட்டீர்கள், பாதிப் பேர் "அட, ஆமால்ல" என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். துணைவேந்தரின் பேனா மூடி மறுபடி திறந்தது. முன்சீட்டின் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தபோதுதான் தலையாட்டுவதை நிறுத்தினேன்.

அப்போது துணைவேந்தர் அலுவலகத் தட்டச்சு அக்கா எழுந்தார். "ஐயா, மேடையில கெடக்கிற அந்த நாற்காலி இன்னைக்குத்தான் வந்துச்சு. உறைகூடப் பிரிக்கல. யார் மூச்சும் படல. அதுக்கு மாட்டிப் பாப்போமா?"

மாட்டினார்கள். "என் நம்பரைப் போடுங்க!" என்று நான் கத்தினேன். ஏன் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. நாற்காலிக்குத் தொண்ணூற்றாறு வந்தது. முந்தின நாள் எனக்கு வந்த அதே தொண்ணூற்றாறு!

பட்டையைப் பிரித்தார்கள். உள்ளே பஞ்சும் ஒரு குட்டி விளக்கும்தான். பதிவெண்ணைத் தட்டினால் கணினி தானாக அதற்கென்று ஒரு எண்ணை ஒட்டும், அது தொண்ணூற்றுக்குக் கீழே இறங்காது. "அலையைச் சரிபார்த்துவிட்டு வருகிறேன்" என்று வெளியே போன வல்லுநர் போனவர்தான்.

துணைவேந்தர் பேனாவைப் பைக்குள் போட்டார். வேறு வழியில்லாமல், முதல்முறையாகக் கேட்டார்: "சரி, நீங்க என்னதான் நினைக்கிறீங்க?"

"நீ சொல்லு, நீ சொல்லு" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டோம். பழக்கம் இல்லையே! பிறகு ஒருவன் ஆரம்பித்தான்.

"நான் காலையில வேலைக்குப் போறேன் சார். பதிவு பண்ண பாடம் எனக்கு வேணும்."

"எங்க வீட்ல ஒரே போன். தம்பி குடுக்கமாட்டான். எனக்கு வகுப்புதான் வேணும்."

"கரும்பலகையில கணக்குப் போட்டாதான் சார் எனக்கு ஏறும்."

முன்சீட்டு எல்லார் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சொன்னாள்: "எனக்கு வீடியோவும் வேணும், ரெண்டாவது தடவ பாத்துக்கலாம். ஆனா அதுல எழுத்து ஓடணும். வாத்தியாரும் வரணும்."

தட்டச்சு அக்கா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். முக்கால் மணி நேரம்தான் ஆனது. யாருக்கும் தலையில் எதுவும் மாட்டவில்லை.

ஐயா, அம்மா, உங்கள் ஊருக்கும் ஒருவன் மூளையைப் படிக்கும் கருவியோடு வருவான். வந்தால் முதலில் அதை ஒரு காலி நாற்காலிக்கு மாட்டிப் பாருங்கள். உங்களுக்கு வந்த பதிலே நாற்காலிக்கும் வந்தால், உட்கார்ந்து யோசிக்க வேண்டியது நாற்காலி இல்லை.