கரண்டி ஏரியின் கடற்படை வீரர்

"வெள்ளிக்கிழமை போர் வீரர் நினைவு நாள். காலை பதினொரு மணிக்குப் படகு. மலர் வளையத்தை நாங்களே கட்டிடறோம். ஏரிக்கு நடுவுல போய் அதைத் தண்ணில விட்டுட்டு வரணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு விழாக் குழுத் தலைவி தோரா அம்மாள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

ஆர்வில் ஹால்வர்சன் தன் மேஜையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். படகு என்று காதில் விழுந்ததற்கே அந்த மேஜை ஆடுவதுபோல் இருந்தது.

"வேற யாராவது..."

"ஊரே ஒருமனசா கை தூக்கியாச்சு. கடல்ல செத்த பசங்களுக்கு மரியாதை செய்ய, கடல்ல இருந்து திரும்பின நீங்க போகாம வேற யாரு போறது?"

நார்டால் ஊரின் ஒரே பாங்குக்கு அவர்தான் தலைவர். ஊரின் ஒரே கடற்படைக்காரரும் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் தரைப்படையில் நடந்தே ஜெர்மனி வரை போய் வந்தவர்கள். போர் முடிந்து பதிமூன்று வருஷமாக, காலை பத்து மணிக் காப்பியின்போது ஆர்வில் பசிபிக் சமுத்திரத்துச் சூறாவளியை ஊருக்குச் சொல்லி வந்தார். முதலில் அலை இருபது அடி இருந்தது. 1958-க்குள் அது அறுபது அடி ஆகியிருந்தது. அந்த அறுபது அடி அலையில் கப்பலின் சுக்கானைத் தனியாளாகப் பிடித்து நின்றவர் ஆர்வில்.

நிஜத்தில் அவர் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு தகர வாளியை. கப்பலில் ஏறிய நாளிலிருந்து இறங்கிய நாள் வரை வாந்தி. சூறாவளி அன்று, எதிரி ஒரு குண்டு போட்டு இந்தக் கஷ்டத்தை முடித்துவைக்க மாட்டானா என்று வாளிக்குள் தலையை விட்டபடி ஏங்கிக்கொண்டிருந்தார்.

"உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்" என்றாள் அவர் மனைவி சோல்வெய்க்.

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? இந்த ஆளு பதிமூணு வருஷம் அளந்தது அத்தனையும் பொய்னு ஆயிடும். பொய் சொல்றவன்கிட்ட எவன் பணத்தைக் கொடுத்து வைப்பான்? பாங்குன்னா வாக்குடி, வாக்கு!"

"வாக்கு சரி. வாளி?"

ஆர்வில் தொலைபேசியை எடுத்தார். தோரா அம்மாளிடம் முதுகு பிடித்துக்கொண்டது என்றும், குனிய முடியவில்லை, நிமிர முடியவில்லை என்றும் முனகினார். வைத்த பிறகு நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்த நிம்மதி சாயங்காலம் வரை நீடித்தது. ஐந்து மணிக்கு வாசல் மணி அடித்தது. உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் காளான் சூப்பும் சேர்ந்து வெந்த ஹாட்டிஷ் ஒன்று, சூடாக, துணி மூடி வந்தது. அப்புறம் இன்னொன்று. ஆறரை மணிக்குள் ஏழு. ஒவ்வொன்றின் அடியிலும் அனுப்பிய வீட்டுக்காரியின் பெயர் ஒட்டியிருந்தது. பாத்திரத்தைக் காலியாகத்தான் திருப்பித் தர வேண்டும். மிச்சம் வைத்தால் அந்த வீட்டோடு ஜென்மப் பகை.

"ஏழு வந்திருக்கு. தெருவுல போறவங்க நீங்க செத்துட்டதா நினைக்கிறாங்க" என்றாள் சோல்வெய்க். "சாப்பிடுங்க."

மறுநாள் காலை பாங்கு திறக்கும்போதே வாசலில் கூட்டம். பால்பண்ணைக்கார குன்ஹில்ட் முன்னால் வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"முதுகு எப்படி இருக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடுமா? நீங்க படுத்துட்டீங்கன்னா எங்க கதி என்ன ஆகறது?"

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் கவலையோடு தலையாட்டினார்கள். பாங்குத் தலைவர் படுக்கையில் விழுந்தார் என்ற பேச்சு எழுந்தால், மத்தியானத்துக்குள் போட்ட பணத்தை எடுக்க வரும் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகும் என்பது ஆர்வில்லுக்குத் தெரியும்.

"முதுகா? எந்த முதுகு?" என்று கேட்டபடி, குமாஸ்தாவின் மேஜையைத் தட்டச்சு இயந்திரத்தோடு சேர்த்து ஒரு முழம் தூக்கிக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. அந்த நொடியில் முதுகு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. ஆனால் இனி அதைச் சொல்ல முடியாது.

அன்று மத்தியானம் அக்சல் நூட்சனின் கொட்டகைக்குப் போனார். படகும் துடுப்பும் அக்சலுடையவை. ஒரு நாளைக்கு மொத்தம் ஆறு வார்த்தை பேசுகிற மனுஷன். அதில் நாலு மாட்டோடு.

"அக்சல், நான் யோசிச்சுப் பார்த்தேன். உட்கார்ந்துக்கிட்டுப் போற இந்தச் சின்னப் படகு கடற்படை மரியாதைக்குப் போதாது. இந்த வருஷம் கரையில இருந்தே விட்டுடலாமே?"

"ம்" என்றார் அக்சல்.

ஆர்வில் வெற்றியோடு வீடு திரும்பினார். வியாழன் காலை தோரா அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாகப் பாங்குக்குள் நுழைந்தாள்.

"நீங்க சொன்னது ரொம்ப நியாயம். ராத்திரியோட ராத்திரியா ஆம்பளைங்க எல்லாம் சேர்ந்து படகுக்கு மேல ஒரு மேடை அடிச்சுட்டாங்க. கொடிக்கம்பம்கூட இருக்கு. நீங்க நின்னுக்கிட்டே போகலாம்!"

"நின்னுக்கிட்டு?"

"கம்பீரமா!"

ஒரே ஒரு வழிதான் பாக்கி இருந்தது. ஆர்வில் தொப்பியை முகத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குள் புகுந்தார்.

"பயணத்துல வாந்தி வராம இருக்க மாத்திரை இருக்கா?"

"யாருக்கு?" என்றார் கடைக்காரர் பெடர்.

"பூனைக்கு."

பெடர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "உங்க வீட்டுல பூனை இருக்கா?"

"புதுசு."

"எவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறீங்க?"

"மினியாபோலிஸ் பட்டணம் வரைக்கும்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார் ஆர்வில்.

பெடர் ஒரு மாத்திரையை நாலாக உடைத்து, ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். பூனைக்கு அதற்கு மேல் ஆகாதாம். பூனையின் நன்மைக்காக ஆர்வில் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பாங்கு வாசலில் நாற்பது பேர்.

"பூனையைத் தூக்கிக்கிட்டு ஊரை விட்டே போறீங்களாமே!" என்றாள் குன்ஹில்ட். "வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே கிளம்பறீங்களா?"

"இப்படி எங்களை நட்டாத்துல விட்டுட்டுப் போறது உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றது இன்னொரு குரல்.

பாங்குத் தலைவர் பூனையோடு ஊரை விட்டுப் போகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஆர்வில்லுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. படியில் ஏறி நின்று வலது கையைத் தூக்கினார்.

"நான் எங்கேயும் போகலை! எங்க வீட்டுல பூனையே கிடையாது! நாளைக்குப் பதினொரு மணிக்கு அந்தப் படகுல, அந்த மேடையில, நான் நிப்பேன். இது என் வாக்கு!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்த ஜனங்கள் தன் பாங்கின்மீது இவ்வளவு உயிரையா வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது ஆர்வில்லுக்குப் பெருமையாக இருந்தது. இவர்களையா பதிமூன்று வருஷம் ஏமாற்றினோம் என்று வெட்கமாகவும் இருந்தது. அன்று இரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் கொடி வைத்து முடித்து, ஊர் முழுதும் கரண்டி ஏரிக்கரைக்கு வந்தது. பள்ளிக்கூட வாத்தியக் குழு வாசித்தது. ஏரியில் ஒரு சிற்றலைகூட இல்லை. படகின் மேடைமேல் ஆர்வில் நின்றார். அவருக்குள் ஏழு ஹாட்டிஷும் கால் மாத்திரையும் இருந்தன.

அக்சல் துடுப்பைப் போட்டார். மேடை இடப்பக்கம் சாய்ந்தது. ஆர்வில்லும் சாய்ந்தார். மேடை வலப்பக்கம் சாய்ந்தது. ஆர்வில்லின் முகம் பச்சையாயிற்று.

"இங்கேயே நிறுத்து" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ம்."

மலர் வளையத்தைத் தண்ணீரில் வைத்தார். பதிமூன்று வருஷமாகக் காப்பிக் கடையில் ஒருமுறைகூடச் சொல்லாத மூன்று பெயர்கள் அவர் வாயில் வந்தன. இஞ்சின் அறையிலிருந்து ஏறி வராத மூன்று பையன்கள். அவருடைய வாளியை மாற்றி மாற்றிக் கழுவிக் கொடுத்தவர்கள். ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அதுவரைக்கும் வயிறு சும்மா இருந்தது.

அப்புறம் இருக்கவில்லை. கொடிக்கம்பத்தைக் கட்டிக்கொண்டு, ஊரே பார்க்க, வளையத்துக்கு எதிர்ப்பக்கமாக ஏரிக்குள் குனிந்தார்.

படகு கரைக்கு வந்ததும் ஆர்வில் தொப்பியைக் கழற்றினார். மூன்று நாளாக மனதை அரித்ததைவிட இது மேல் என்று தோன்றியது.

"கேட்டுக்கங்க எல்லாரும்! நான் சுக்கானைப் பிடிச்சதே இல்லை. மூணு வருஷமும் வாளியைத்தான் பிடிச்சேன். நான் சொன்ன கதையெல்லாம் பொய்!"

தோரா அம்மாள் பொரித்த கோழித் தட்டுகளின் மேலிருந்த துணியை எடுக்க ஆரம்பித்தாள்.

"கேட்டீங்களா? நான் ஒரு பொய்யன்!"

"கேட்டோம், கேட்டோம்" என்றாள் குன்ஹில்ட், தட்டை நீட்டியபடி. "ஒரு தொடை எடுத்துக்கறீங்களா? இல்ல, கொஞ்ச நேரம் போகட்டுமா?"

"நாளைக்குப் பாங்குக்கு வரமாட்டீங்களே?" என்றார் ஆர்வில்.

"ஏன் வராம? சனிக்கிழமை அரை நாள் உண்டுல்ல?"

ஆர்வில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. மேயர் மட்டும் கோட்டுப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டுத் தாளைத் தடவியபடி வாட்டமாக நின்றார்.

"அப்ப... முன்னாடியே தெரிஞ்சேதான் என்னைப் படகுல ஏத்தினீங்களா?"

படகைக் கட்டிக்கொண்டிருந்த அக்சல் நூட்சன்தான் தலையைத் தூக்கினார்.

"நீ போர்ல இருந்து வந்த வருஷம் சர்ச் ஊஞ்சல்ல ஏறிட்டுப் பட்ட பாட்டை ஊரே பார்த்துச்சு, ஆர்வில், போன வருஷம் இதே படகுல ஏறி மேயர் ஒண்ணே முக்கால் மணி நேரம் பேசினாரு, நீ ஏறினா நாலு நிமிஷத்துல கரைக்கு வந்துடுவேன்னுதான் எல்லாரும் கை தூக்கினோம்."