மாங்காய் சீசனில் விழுந்த தண்டனை

சித்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் வேங்கடாசலம் அவர்களுக்கு, உங்கள் அக்காள் கணவன் வேதாச்சலம் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அக்காள் கன்னிகாவும் உயிரோடு இருக்கிறோம். விஜயவாடாவில் நீங்களும் பிள்ளைகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எனக்கு இரண்டாம் பந்தியில் இலை போட்டதை நான் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதைத் தெரிவிக்கத்தான் இங்கே குறிப்பிடுகிறேன்.

நேற்று கூரியரில் உங்களுக்கு ஒரு மனு அனுப்பியிருக்கிறேன். அதை நீங்களே நேரில் கொண்டுபோய் அங்கேயுள்ள மெடிக்கல் கவுன்சில் ஆபீசில் கொடுக்க வேண்டும். எலும்பு டாக்டர் கிரண்குமாருக்கு என் புகாரின் பேரில் கவுன்சில் விதித்த மூன்று மாத சஸ்பென்ஷனை உடனே ரத்து செய்யும்படி நானே கேட்டுக்கொள்ளும் மனு அது. படித்தால் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள். அப்படி நினைக்க உங்களுக்குக் காரணம் தேவைப்படாது என்றாலும், நான் காரணத்தை எழுதிவிடுகிறேன்.

போன ஐப்பசி மழையில் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது வழுக்கி விழுந்து என் இடது கணுக்காலில் விரிசல் விட்டது. திருப்பதியில் அத்தனை ஆஸ்பத்திரி இருக்க, "மாமா, சித்தூருக்கே வந்துடுங்க, கிரண்குமார் என் கிளாஸ்மேட்டு, கைராசிக்காரன்" என்று போனில் சொன்னது நீங்கள். வந்தேன். டாக்டர் மாவுக்கட்டுத் துணியைத் தண்ணீரில் நனைக்கும்போது பங்காருபாளையத்திலிருந்து அவருக்கு போன் வந்தது. அவருடைய மாந்தோப்பில் போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டதாம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மெக்கானிக்கைத் தெலுங்கில் திட்டிக்கொண்டே, என் வலது காலை எடுத்து மடிமேல் வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். "டாக்டர், அது இல்லை, இடது" என்றேன். "எதிர்ல உக்காந்தா எல்லாம் மாறித்தான் சார் தெரியும்" என்றார். மச்சான், நான் காலேஜில் பிசிக்ஸ் நடத்துகிறவன். இடக்கை விதி, வலக்கை விதி, கண்ணாடியில் இடம் வலமாவது எல்லாவற்றையும் வருஷா வருஷம் போர்டில் படம் போட்டு விளக்குகிறவன். அப்படிப்பட்ட எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் தெளிவதற்குள் கட்டு காய்ந்துவிட்டது.

நல்ல காலில் கட்டோடும் உடைந்த காலில் செருப்போடும் ஆட்டோவில் வந்து இறங்கினேன். உங்கள் அக்காள் வாசலிலேயே, தெருவுக்கே கேட்கும்படி, "வீட்ல மட்டும் நாள் பூரா பேசிக்கினு இருக்கீங்களே, அங்க வாயைத் தொறந்து இந்தக் காலுன்னு சொல்றதுக்கு என்னா?" என்றாள். மறுநாள் போனபோது டாக்டர் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. "பரவால்ல சார், அதுக்கும் ஒண்ணு போட்டுடலாம். இதுக்கு ஃபீஸ் வேணாம். நேத்துப் போட்டதை இப்பவே வெட்டினா தோலு உரியும், அது பாட்டுக்கு இருக்கட்டும், சப்போர்ட்டு" என்றார். ஆக இரண்டு காலிலும் கட்டோடு, புதிதாக இறக்கி வைத்த சிமெண்டுத் தூண் மாதிரி, தீபாவளியைக் கட்டிலில் கழித்தேன். அப்போதுகூட "தப்பு என்னுது சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் படுத்தபடியே கைகூப்பியிருப்பேன். சொல்லவில்லை. இந்த விவகாரம் முழுவதிலும் எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அதனால் மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதினேன். கவுன்சிலை நான் குறை சொல்ல மாட்டேன். புகாரைப் பிரமாணப் பத்திரத்தோடு கேட்டார்கள், கொடுத்தேன். டாக்டரிடம் விளக்கம் கேட்டார்கள், "சிகிச்சையின்போது பேஷன்ட் காலை மாற்றி வைத்துவிட்டார்" என்று எழுதிக் கொடுத்தார். பிறகு இரண்டு பேரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். திருப்பதியில் ரயில் ஏறினால் அதே பெட்டியில் டாக்டரும் இருக்கிறார். என் காலைப் பார்த்துவிட்டுத் தன் கீழ் பெர்த்தை எனக்குக் கொடுத்தார். விசாரணையில் இதைச் சொல்லி அனுதாபம் தேடுவார் என்று தெரிந்தும், கால் வலித்ததால் வாங்கிக்கொண்டேன். விசாரணையில் மூன்று பெரிய டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "எந்தக் கால் என்று பேஷன்ட் சொன்னாரா இல்லையா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார். "சொன்னாரு சார்" என்றார் கிரண்குமார். "ஆனா பேஷன்ட்டு சொல்றதையெல்லாம் கேட்டுக்கினு இருந்தா நாம வைத்தியம் பார்க்க முடியுமா சார்? உங்களுக்குத் தெரியாததா?" மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜூன் முதல் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்கு டாக்டர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம், ஒரு நோயாளியைத் தொடக் கூடாது, ஒரு மாத்திரை எழுதக் கூடாது என்று உத்தரவு வந்தது. நான் அரை கிலோ மைசூர்பாகு வாங்கிவந்து, தெருவில் யாருக்கும் கொடுக்காமல், நானே சாப்பிட்டேன்.

இங்கேதான் கதை கெட்டுப்போனது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்றால் இந்தச் சித்தூர் ஜில்லாவில் என்ன அர்த்தம் என்பது விஜயவாடாவில் இருக்கிறவர்களுக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கும் அந்த மைசூர்பாகு தீரும்வரை தோன்றவில்லை. தோத்தாபுரி மாங்காய் இறங்கும் சீசன், மச்சான். கிளினிக் கதவில் "டாக்டர் வெளியூர் சென்றுள்ளார்" என்று போர்டு. தண்டனை என்று ஒரு எழுத்து இல்லை. ஊர் ஜனங்கள் அவர் அமெரிக்காவில் மகளைப் பார்க்கப் போயிருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். அவமானத்தில் எப்படி வாடிப்போயிருக்கிறார் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆட்டோ பிடித்து பங்காருபாளையத்துக்கே போனேன். தோப்பில் கட்டம் போட்ட லுங்கி கட்டிக்கொண்டு, கயிற்றுக் கட்டிலில் கால்மேல் கால் போட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தார். "ரண்டி சார், ரண்டி! வாங்க, வாங்க! உங்க புண்ணியம் சார். டாக்டராகி இருபத்தஞ்சு வருஷத்துல என் தோப்புல காய் இறங்கறதை இப்பதான் கண்ணால பார்க்கிறேன். சுகர் இறங்கிப்போச்சு. பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டேன். என் வொய்ஃபு என்கூடப் பேசறாங்க சார்!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எந்தக் கை இடது எந்தக் கை வலது என்று பார்க்காமல்தான் பிடித்தார். ஆட்டோவில் ஒரு மூட்டை மாம்பழம் ஏற்றி அனுப்பினார். நான் தொடவில்லை. "பழம் என்னா பாவம் பண்ணுச்சு? துன்னுட்டுக் கோவப்படுங்க" என்று உங்கள் அக்காள் நறுக்கி வைத்தாள். சுவை நன்றாக இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது.

யோசித்தேன். அந்த மனுஷனுக்கு உண்மையான தண்டனை எது? சீசன் நேரத்தில் காய் ஒரு பக்கம் இறங்க, அவர் கிளினிக்கில் உட்கார்ந்து இடுப்பு வலிக்காரர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். ஆகவே சஸ்பென்ஷனை மழைக்காலத்துக்கு, ஊரே வழுக்கி விழுந்து அவருக்கு வருமானம் கொட்டும் சமயத்துக்கு, மாற்றிவைக்க முடியுமா என்று இங்கே ஒரு வக்கீலைக் கேட்டேன். தண்டனையைப் பருவம் பார்த்து நகர்த்தச் சட்டத்தில் இடமில்லையாம். புகார் கொடுத்தவன் மனமிரங்கி எழுதினால், மீதியை ரத்து செய்யும்படி வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாமாம். சரி, எழுதுங்கள் என்றேன். எழுதிக் கொண்டுவந்ததில், டாக்டர் கிரண்குமார் உத்தமமான மனிதர் என்றும், நடந்ததற்குக் காரணம் சரியான காலை முன்னே நீட்டத் தவறிய என் கவனக்குறைவே என்றும் இருந்தது. "இப்படிப் போட்டாத்தான் சார் எடுபடும்" என்றார் வக்கீல். பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அவர் கிளினிக்குக்குத் திரும்பி, ஜன்னல் வழியாக மாங்காய் டிராக்டர்கள் போவதைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும். அதற்காக எந்த இழிவையும் சுமக்க நான் தயார். நான் சொன்ன எந்தக் காரியத்தையும் நீங்கள் ஒரு வருஷத்துக்குள் செய்ததில்லை. இதையாவது இந்த மாதக் கடைசிக்குள் செய்து முடியுங்கள்.

அங்கேயுள்ள பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் ஆசியையும் அவரவர் வயசுக்குத் தக்கபடி பிரித்துக் கொடுக்கவும். உங்களுக்கு எதைத் தருவது என்பதை மனு போய்ச் சேர்ந்தபின் முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
அக்காள் கணவன்,
வேதாச்சலம்.

பின்குறிப்பு (திங்கட்கிழமை): மனுவைக் கொடுக்க வேண்டாம். கூரியர் வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போடவும். மொகிலி கோயிலுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்த உங்கள் அக்காள் இப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். மாங்காய் விலை படுத்துவிட்டதாம். ஜூஸ் ஃபேக்டரி வாசலில் மைல் கணக்கில் டிராக்டர் வரிசையாம். அதில் நம் டாக்டர். டிரைவர் சொல்லாமல் ஓடிவிட்டதால் அவரே ஓட்டிக்கொண்டு, குளிக்காமல், நாலு நாளாக நிற்கிறாராம். "பாவங்க, மொகமெல்லாம் ஒட்டிப்போச்சு. காயெல்லாம் அழுகி ஒழுகிக்கினு இருக்குது. முன் வண்டிக்காரன் கால் சுளுக்கிக்கினு இவர்கிட்ட வந்து காட்டறான், இவரு 'நான் தொடக் கூடாதுப்பா, கவுன்சில் ஆர்டரு'ன்னு சொல்லிக்கினு இருக்காரு. அவன் திட்டற திட்டு காதால கேக்க முடியல" என்றாள். மச்சான், கவுன்சிலின் தொலைநோக்கு எனக்கு இப்போதுதான் புரிகிறது. மூன்று மாதத்தை ஆறு மாதமாக்க வழி உண்டா என்று மட்டும் விசாரிக்கவும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் வாட்சப் வந்துவிட்டது. "மாமா, காலையிலேயே கூரியர் வந்துச்சு, பத்தரைக்கெல்லாம் குடுத்துட்டேன். படிச்சிட்டு ஆபீசரே எழுந்து நின்னுட்டாரு. கேன்சல் ஆயிடுமாம். கிரணுக்கும் போன்ல முழுசாப் படிச்சுக் காட்டினேன். டிராக்டர் மேல உக்காந்துக்கினே கேட்டான். தப்பு என்னுதுன்னு இந்தக் காலத்துல யாரு எழுதிக் குடுப்பாங்க, உங்க மாமாவை நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லுன்னான்."